தங்கவயல்காரரின் பாட்டுகளை மாமா பாடிய மாலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெங்களூரு காக்ஸ் டவுனில் தேவாலயம் ஒன்றை ஒட்டிய சிறிய கூடத்தில், என் தாய்மாமா கையில் கிடாருடன் ஒரு மர நாற்காலியில் அமர்ந்து, இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பாட்டுகளைப் பாடினார். மாமாவும் பாட்டு எழுதுகிறவர்தான். ஆனால் அன்று அவர் பாடியவற்றில் ஒன்றுகூட அவருடையது அன்று. எல்லாம் அவருடைய நண்பர் ஒருவர் தமிழில் எழுதி, அமெரிக்கக் கன்ட்ரி இசையின் நடையில் தாமே மெட்டமைத்தவை. அந்த நண்பர் சென்ற ஆண்டு காலமானார். மாமா அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. கோலார் தங்கவயல் என்ற சுரங்க ஊர்க்காரர் என்பதால், 'தங்கவயல்காரர்' என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெங்களூரின் பழைய ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் பகுதியில் வளர்ந்த தமிழர்களுக்குக் கன்ட்ரி இசை புதிதன்று. என் தாத்தா வீட்டில் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டுகள் இருந்தன. 1964-ல் விமான விபத்தில் இறந்துபோன அந்த டெக்சாஸ் பாடகரின் கிறிஸ்துமஸ் பாட்டுகளை, அவர் யார், எந்த ஊர்க்காரர் என்று தெரியாமலேயே முழுவதும் பாடத் தெரிந்த அத்தைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். மாமா கிடார் பழகியதும் அந்தப் பாட்டுகளில்தான். ஆனால் எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்தது ஒன்றுண்டு. கன்ட்ரி இசையில் பாடுகிறவரை விடவும் எழுதுகிறவருக்குத் தனி மரியாதை கொடுக்கும் ஒரு மரபு இருக்கிறது என்பதும், அந்த மரபில் ஒருவர் இறந்தால் மற்றவர் அவருடைய பாட்டுகளை எடுத்துப் பாடுவதை ஒரு கடமை போலவே செய்கிறார்கள் என்பதும் எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தன.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் மாமாவுக்கு, ஸ்டீவ் ஏர்ல் என்ற அமெரிக்கப் பாடகர் 2009-ல் வெளியிட்ட 'டவுன்ஸ்' என்ற தொகுப்பைக் கேட்கக் கொடுத்தேன். அதில் உள்ள பதினைந்து பாட்டுகளும் டவுன்ஸ் வான் சாண்ட் என்ற பாட்டெழுத்தாளர் எழுதியவை. வான் சாண்ட் 1944-ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் அளிக்கப்பட்ட இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சையால் குழந்தைப் பருவ நினைவுகளில் பெரும்பகுதியை இழந்தவர். வாழ்நாள் முழுவதும் குடியுடன் போராடி, 1997 ஜனவரி 1 அன்று தமது 52-ஆவது வயதில் இறந்தவர். ஏர்ல் பதின்வயதில் அவரைத் தேடிப்போய், அவரையே குருவாக வரித்துக்கொண்டவர். 1982-ல் பிறந்த தம் மகனுக்கு ஜஸ்டின் டவுன்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டைத் தந்தையும் மகனும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள்.

மாமா அந்தத் தொகுப்பை ஒரு வாரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஏர்ல் இந்தப் பாட்டுகளை எப்படிப் பதிவு செய்தார் என்று கேட்டார். பெரும்பாலானவற்றில் ஏர்ல் முதலில் தாம் மட்டும் தனியாக, கிடாரும் குரலுமாகப் பாடிப் பதிவு செய்துகொண்டு, பிறகுதான் மற்ற வாத்தியங்களைச் சேர்த்தார் என்று நான் படித்ததைச் சொன்னேன். வான் சாண்ட் தனியாளாக மேடையில் உட்கார்ந்து பாடியது எப்படித் தம் காதில் இருக்கிறதோ, அதை மற்றவர்களின் வாசிப்பு மாற்றிவிடக் கூடாது என்பதுதான் காரணம். மாமா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படித்தான் செய்யணும்" என்றார். அப்போது தங்கவயல்காரர் உயிருடன் இருந்தார். எதை நினைத்து மாமா அப்படிச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தத் தொகுப்பின் எல்லாப் பாட்டுகளும் எனக்குப் பிடித்தவை என்று சொல்ல மாட்டேன். ராக் இசைக்கலைஞர் டாம் மொரெல்லோவின் மின்கிடார் இரைச்சலுடன் வரும் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் வான் சாண்டின் சொற்கள் அமுங்கிப்போகின்றன என்பது என் எண்ணம். மாமா அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பாட்டில் இருக்கும் மூச்சுத் திணறலுக்கு அந்த இரைச்சல் வேண்டும் என்பார். தங்கவயலில் நுரையீரல் நோயோடு வாழ்ந்தவர்களை அவர் அருகிலிருந்து பார்த்தவர் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் அவருடன் வாதிடுவதில்லை.

வான் சாண்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. அவர் 1972-ல் வெளியிட்ட 'பான்ச்சோ அண்டு லெஃப்டி' என்ற பாட்டை 1983-ல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் சேர்ந்து பாட, அது அமெரிக்கக் கன்ட்ரி வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அந்தப் பாட்டுக்காக எடுக்கப்பட்ட காணொளியில் வான் சாண்டும் வருகிறார், மெக்சிகோ நாட்டுக் காவலர் கூட்டத்தில் ஒருவராக. தாம் எழுதிய பாட்டு நாடு முழுவதும் ஒலிக்கும்போது அதன் ஓரத்தில் சீருடை அணிந்து நிற்கும் அந்த மெலிந்த மனிதரை அடையாளம் கண்டுகொண்டவர்கள் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

நம் சங்கீதத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. தியாகராஜர் தம் பெயரையும், தீட்சிதர் 'குருகுஹ' என்ற முத்திரையையும், கோபாலகிருஷ்ண பாரதியார் தம் பெயரையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எழுதியவரை மறந்துவிட்டு அந்தப் பாட்டைப் பாடி முடிக்க இயலாது. சினிமாப் பாட்டில் அந்த வழக்கம் இல்லை. எந்த நடிகருக்காக எழுதப்பட்டதோ அவருடைய பாட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கன்ட்ரி இசையில் முத்திரை கிடையாது. அந்த வேலையை, பாட்டுக்கு முன்னால் மேடையில் சொல்லப்படும் கதை செய்கிறது. எழுதியவர் யார், எந்த வீட்டில், எந்த நிலையில் எழுதினார் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குகிறார்கள்.

வான் சாண்ட் இறந்தபோது நடந்த நினைவுக் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் அவருடைய நெருங்கிய நண்பரும் பாட்டெழுத்தாளருமான கை கிளார்க். இந்தக் கச்சேரிக்கு முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தாம் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லித்தான் அவர் கிடாரை எடுத்தார் என்பார்கள். அதே 1997 டிசம்பரில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், அந்த ஊர்த் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சிக்காக, கிளார்க், எமிலூ ஹாரிஸ், வில்லி நெல்சன், ஸ்டீவ் ஏர்ல், நான்சி கிரிஃபித், லைல் லவெட், ராட்னி க்ரோவெல் ஆகியோர் கூடி வான் சாண்டின் பாட்டுகளைப் பாடினார்கள். 2016-ல் கிளார்க்கும் இறந்தார். 2019-ல் ஏர்ல் அவருடைய பாட்டுகள் பதினாறைத் தம் குழுவுடன் பாடி வெளியிட்டார். அடுத்து வந்தது எந்தத் தந்தையும் செய்ய விரும்பாத வேலை. மகன் ஜஸ்டின் 2020 ஆகஸ்டில் இறக்க, அவர் பிறந்த நாளான 2021 ஜனவரி 4 அன்று, மகன் எழுதிய பத்துப் பாட்டுகளையும் தாம் அவருக்காக எழுதிய ஒரு பாட்டையும் ஏர்ல் வெளியிட்டார். இதை மாமாவிடம் சொன்ன அன்று அவர் கிடாரைத் தொடவில்லை.

தங்கவயல்காரரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடு ஒன்றில் பிறந்தவர் அவர். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். தந்தையும் அவரும் சுரங்கத்திலேயே வேலை பார்த்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது அந்தச் சுரங்கம். கீழே பாறை வெடித்து அதிர்ந்தால் மேலே வீட்டு அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் குலுங்கும் என்றும், உடனே பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றும் அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு அவர், அந்த ஊரின் ஆயிரக்கணக்கானவர்களைப் போலவே, மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன்பே புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக வேலை பார்த்துவிட்டு, இரவு ரயிலில் திரும்பினார். பதினாறு ஆண்டுகள் இப்படியே போயின. பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதியது அந்த ரயிலில்தான்.

மாமா அவரை 1983-ல், ராபர்ட்சன்பேட்டையில் ஓர் உறவினர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் சந்தித்தார். மெர்ல் டிராவிஸ் என்ற கென்டக்கிக்காரரின் விரல்முறையை அவர் வாசித்ததைக் கேட்டு மாமா அசந்துபோனாராம். கட்டை விரல் இரண்டு தடித்த கம்பிகளை மாற்றி மாற்றி மீட்டி நிற்காமல் நடை போட, ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கும் முறை அது. டிராவிஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். சுரங்கத்தைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகள் உலகம் முழுவதும் பாடப்பட்டவை. தங்கவயல்காரருக்கு ஆங்கிலச் சொற்கள் பாதிதான் புரியும். ஆனால் அந்தப் பாட்டுகளில் இருப்பது தம் தெருதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தமிழில் எழுத ஆரம்பித்தார்.

அவர் பாட்டுகளை ஒரு ஸ்டுடியோவில் ஒருமுறை பதிவு செய்தார்கள். 1990-களின் நடுவில், இருவரும் ஆறு மாதம் பணம் சேர்த்து, ஒரே பகலில் ஒன்பது பாட்டுகளைப் பாடி முடித்தார்கள். நாடாவை வாங்கப் போனபோது அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்துவிட்டதாகச் சொல்லிப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பகலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஐம்பது வயதுக்கு முந்தைய அவருடைய குரல் அந்த நாடாவுடன் போய்விட்டது. பின்னாளில் கைப்பேசியில் நான் எடுத்த மூன்று பாட்டுகளும், கோடு போட்ட நீண்ட நோட்டு ஒன்றில் அவர் கைப்பட எழுதிய நாற்பத்து மூன்று பாட்டுகளும்தான் மிச்சம். நோட்டில் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. மெட்டைக் குறிக்கும் எதுவும், கிடாரில் எந்தச் சுரக்கூட்டு, அதாவது எந்த கார்டு என்பதுகூட, எங்கும் எழுதப்படவில்லை. மெட்டுகள் அவர் தொண்டையிலும் மாமாவின் விரல்களிலும் மட்டுமே இருந்தன. இப்போது மாமாவின் விரல்களில் மட்டும் இருக்கின்றன. மாமாவுக்கு எழுபத்தொரு வயது.

ஆகவேதான் அந்தக் கச்சேரி. மூன்று மாதம் மாமா வேறு எதையும் வாசிக்கவில்லை. என் மகன் கஜோன் என்ற பெட்டி மேளத்தைத் தட்டுகிறேன் என்றான், என் நண்பர் ஒருவர் வயலின் வாசிக்க வருவதாகச் சொன்னார். மாமா இருவரையும் அன்பாக மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: தங்கவயல்காரர் வரி முடியும் இடத்தில் ஒரு துளி நிறுத்துவார், எப்போதும் ஒரே அளவு நிறுத்த மாட்டார், கூட யாராவது வாசித்தால் அந்த நிறுத்தம் போய்விடும். நான் கைப்பேசிப் பதிவுகளை மறுபடி கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். 'ஷாஃப்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒருமுறை அவர் நிறுத்தும் நேரத்தில், பின்னால் தெருவில் ஓர் ஆட்டோ கடந்து போவதுகூட முழுதாகக் கேட்கிறது.

அன்று மாலை கூடத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்தவர்கள். மாமா முதல் பாட்டாக எடுத்தது, 1902-ல் காவிரியின் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்ததைப் பற்றியது. பெங்களூருத் தெருக்களுக்கு 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. மூன்று வருடம் முன்னதாக எங்கள் ஊரில் விளக்கு எரிந்தது, ஆனால் எங்கள் லைன் வீட்டில் எரியவில்லை என்று முடியும் அந்தப் பாட்டைக் கேட்டு முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கைதட்டாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் மாமா பேசினார். நீளமாகப் பேசவில்லை. இந்தப் பாட்டைப் பங்காருப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நின்றபோது எழுதினார், இதை மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவில் எழுதினார், இதில் வரும் சங்கு அவருடைய தந்தை இறந்த அன்று விடாமல் ஊதிய சுரங்கச் சங்கு என்கிற அளவில்தான் பேச்சு இருந்தது. தம்மைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சுரங்கக் கழிவு மண்ணாலான சயனைடு மேடுகளைப் பற்றிய பாட்டில், காற்றடித்தால் அந்த மேட்டு மண் பறந்து காயப்போட்ட வேட்டியில் படிவதைச் சொல்லும் ஒரு வரியில், தாம் பத்து வருடமாகத் தவறான சொல்லைப் பாடி வந்ததாகவும், நோட்டைப் பார்த்த பிறகு இன்றுதான் சரியாகப் பாடப்போவதாகவும் சொன்னார்.

இன்னொரு பாட்டெழுத்தாளர் பாடுவதால் என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புலப்பட்ட இடம் அதுதான். நல்ல பாடகர் ஒருவர் அந்தப் பாட்டுகளை எடுத்திருந்தால், மாமாவைவிட இனிமையாகவே பாடியிருப்பார். மாமாவின் குரல் மேல் சுருதியில் உடைகிறது. ஆனால் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வந்தால் பாட்டு எங்கே சரிந்துபோகும் என்று, அதே வேலையைச் செய்து பார்த்தவருக்குத்தான் பதற்றம் வரும். அவர் தங்கவயல்காரரின் குரலை நடித்துக் காட்டவில்லை, தம் குரலை முன்னே நிறுத்தவுமில்லை. கண்ணை மூடிக் கேட்ட எனக்கு, அங்கே இல்லாத ஒருவர் ரயில் ஜன்னலோரம் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

ரயில் பாட்டைக் கடைசியில் வைப்பதாக முதலில் திட்டம். ஆனால் தங்கவயலிலிருந்து வந்தவர்கள் இரவு வண்டியைப் பிடிக்க முன்னதாகவே எழுந்துபோக வேண்டியிருந்ததால், மாமா அதை ஒன்பதாவதாக மாற்றினார். அந்த வண்டியில் எந்தப் பெட்டியில் யார் ஏறுவார்கள், யாருக்காக யார் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், பையப்பனஹள்ளி வந்ததும் யார் எழுந்து கதவருகே போவார்கள் என்று ஆட்களின் பட்டியலாகவே நீளும் பாட்டு அது. பாட்டில் வரும் ஆட்களில் இருவர் கூடத்திலேயே இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் எழுந்து, மேடைக்கு அருகில் வந்து மாமாவின் கையைப் பிடித்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாகப் போனார்கள். பின்னால் முப்பது பேர் போனார்கள். மீதி மூன்று பாட்டுகளை மாமா பாதி காலியான கூடத்துக்குப் பாடினார். கடைசிப் பாட்டு தங்கவயல்காரர் தம் மனைவிக்கு எழுதியது. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன், அது அவர்களுடையது.

இரண்டு வாரம் கழித்து, நானும் மாமாவும் சாம்பியன் ரீஃபுக்குப் போனோம். தங்கவயல்காரரின் மகள், மனைவி, மாமா மூவரும் கூடத்துத் தரையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டின் தலைப்பருகிலும் பென்சிலால் கார்டுகளை எழுத ஆரம்பித்தார்கள். சங்குப் பாட்டுக்கு மாமா, கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற பிடியை கிடார்க் கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், அதாவது ஃப்ரெட்டில், வைத்து ஜி-யில் தொடங்கினார். "அண்ணா, அவர் இதை இன்னும் மேல பாடுவார்" என்றார் அந்த அம்மா. மாமா கேப்போவை நான்காவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினார். இரண்டாவது அடியில் மாமாவின் குரல் நின்றுவிட்டது. அவர் வாசித்துக்கொண்டே இருக்க, மகள் அந்த அடியைப் பாடி முடித்தார். பிறகு மகள் நோட்டில் இரண்டையும் எழுதினார்: '2, மாமா. 4, அப்பா.'

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்தும் பதினான்கு பாட்டுகளுக்குத்தான் எழுத முடிந்தது. ஐந்து பாட்டுகளின் மெட்டு மாமாவுக்குத் தெரியவில்லை. அவற்றில் ஒன்றின் முதல் இரண்டு வரிகளை மட்டும் அந்த அம்மா பாடிக் காட்டினார். அதை என் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். மற்ற நான்கும் யாருக்காவது, தங்கவயலிலோ அந்த ரயிலிலோ அவருடன் பயணம் செய்தவர்களில் யாருக்காவது, நினைவிருக்கலாம் என்று மகள் விசாரித்து வருகிறார். வரும் ஞாயிறு மறுபடி போகிறோம்.